வலையில் ஒரு சிவப்புத் துண்டு: கைத்தையல் போட்டிக்கான தயாரிப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிகுடிக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரைக் கிராமமொன்றில் வசிக்கும் ஒரு பெண், மாகாண மட்டத்தில் நடந்த ஆக்கக் கைத்தையல் போட்டிக்கு ஒரு படைப்பைச் செய்து அனுப்பியது வரையான ஐந்து மாதங்களையும் அதன் பின் கிடைத்த முடிவையும் இந்த ஆய்வு பதிவு செய்கிறது. அவருடைய பெயரும் போட்டியை நடத்திய அமைப்பின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளன. அக்கிராமத்தின் மாதர் குழுவுக்கு வாரத்தில் இரண்டு நாட்கள் தையல் பயிற்றுவிப்பவள் நான். ஆகவே கீழே வரும் பிழைகளுள் குறைந்தது இரண்டு என்னுடையவை. அவற்றை அவர் தலையில் கட்டாமல் எழுத முயன்றிருக்கிறேன்.

அவருக்கு அப்போது 31 வயது. சாரிச் சட்டையும் பாடசாலைச் சீருடையும் தைத்து வருமானம் தேடுபவர். பாடசாலையில் மனைப்பொருளியல் பாடத்தில் பழகிய சங்கிலித் தையல், காம்புத் தையல், சற்றின் தையல் ஆகியவற்றைத் தொழிலோடு தொழிலாகக் கைவிடாமல் வைத்திருந்தார். அவருடைய தந்தை வாவியில் தோணியில் சென்று வீச்சு வலை வீசுபவர். வீட்டு விறாந்தையில் எந்நேரமும் ஒரு வலை காய்ந்துகொண்டிருக்கும். போட்டி அறிவித்தல் யூலை நடுப்பகுதியில் கிடைத்தது. முடிவுத் திகதி நவம்பர் கடைசி நாள்.

முதலில் கவனித்தவை

அவருடைய கையில் இரண்டு நல்ல விடயங்கள் இருந்தன. தையலின் நீளம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை மாறாது. துணியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் நூல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவி ஓடியிருக்காது. மெல்லிய துணியில் இந்த இரண்டாவது விடயம் மிக முக்கியமானது. பின்னால் தாவும் கடும் நிற நூல், முன்பக்கத்தில் நிழல்போலத் தெரிந்துவிடும்.

குறை என்று சொல்வதானால், அவர் அதுவரை தாமாக ஒரு கோடு கீறித் தைத்ததில்லை. கைபேசியில் வந்த படத்தைப் பெருப்பித்து, டிரேசிங் தாளில் எடுத்து, கார்பனால் துணிக்கு மாற்றுவதே வழக்கம். இதைக் குறை என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. வாடிக்கையாளர் ஒருவர் மயில் கேட்டால் மயில்தான் தைத்துக் கொடுக்க வேண்டும். ஆனால் போட்டி வேறு வகையானது.

விண்ணப்பப் படிவம் இரண்டு பக்கம் கொண்டது. சட்டகத்தோடு சேர்த்து 60 சென்ரிமீற்றருக்கு 45 சென்ரிமீற்றருக்கு மேற்படக் கூடாது. முழுவதும் கையால் செய்யப்பட வேண்டும். வடிவம் சொந்தமானதாக இருக்க வேண்டும். முன்பு எங்கும் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கக் கூடாது. படைப்பைப் பற்றி 150 சொற்களில் ஒரு குறிப்பும் கேட்கப்பட்டிருந்தது. புள்ளிகளில் ஐந்திலொரு பங்கு 'நிறைவு' என்ற தலைப்பின் கீழ், அதாவது ஓரம், பின்பக்கம், சட்டகம் ஆகியவற்றுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு பிரகடனமும் கையொப்பக் கோடும் இருந்தன. நாங்கள் முதற்பக்கத்தை இருவராக உரத்து வாசித்தோம். இரண்டாம் பக்கத்தை, அனுப்பும்போது நிரப்பிக்கொள்ளலாம் என்று மடித்து வைத்தோம். முதலாவது பிழை அதுதான்.

வடிவத்தைத் தெரிவு செய்தல்

முதல் வாரத்தில் அவர் கொண்டுவந்தது ஒரு மயில். எங்கிருந்து எடுத்தது என்று கேட்டபோது கைபேசியைக் காட்டினார். அதே மயிலை நான் வேறு இரண்டு ஊர்களில் தலையணை உறையில் கண்டிருக்கிறேன். சொந்த வடிவம் என்ற விதி இருக்கையில் அதை எடுக்க முடியாது என்று சொன்னதும், அடுத்த வாரம் பாடும் மீனும் கல்லடிப் பாலமும் கொண்ட ஒரு கீறலோடு வந்தார். அது அவர் கீறியதுதான். ஆனால் மட்டக்களப்பிலிருந்து வெளியே போகும் கைவேலைகளில் மீனையும் 1924இல் திறக்கப்பட்ட அந்த இரும்புப் பாலத்தையும் எத்தனை தடவை பார்த்துவிட்டோம் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். அவர் சிரித்தார், கொஞ்சம் மனம் நொந்த சிரிப்பு.

மூன்றாவது வடிவம் பேச்சின் இடையில் வந்தது. குழு கூடும் வீட்டில் மின்சாரம் இல்லாத ஒரு பிற்பகல், அவருடைய வீட்டு விறாந்தையில் உட்கார்ந்திருந்தோம். ஆணியில் தொங்கிய வீச்சு வலையின் நடுவில், சாம்பல் நிற நைலோன் கண்களுக்கிடையே உள்ளங்கையளவு இடம் மட்டும் சிவப்பாக இருந்தது. நண்டு கடித்துக் கிழித்த இடத்தை, கையில் கிடைத்த சிவப்புக் கயிற்றால் தந்தை பொத்தியிருந்தார். "இதைத் தைச்சா என்ன ரீச்சர்?" என்று அவர் கேட்டார். நான் பதில் சொல்ல முன்னரே விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தில் கீறத் தொடங்கிவிட்டார்.

முடிவான வடிவம் இதுதான்: தொங்கும் வலை, அதன் அடியில் ஈயக்குண்டுகளின் வரிசை, பின்னால் கிடைக்கோடுகளாக வாவி. வலையின் பெரும் பகுதி ஒற்றை இழைத் தையலாகத் துணியின்மேல் கிடக்கும். பொத்திய இடத்தைச் சுற்றிய 10 சென்ரிமீற்றருக்கு 6 சென்ரிமீற்றர் பகுதி மட்டும் உண்மையான வலைபோல் முடிச்சிட்டு, நான்கு விளிம்பிலும் துணியோடு பிடிக்கப்பட்டு, நடுவில் துணியிலிருந்து சற்று எழுந்து நிற்கும். இந்த எழுந்த பகுதி வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். வேலை கூடும் என்று நான் தடுத்தேன். அவருடைய தீர்மானமே சரியானது.

துணியும் நூலும்

அடித்துணியாக மருதமுனைக் கைத்தறிப் பருத்தியைத் தெரிவு செய்தோம். அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் உள்ள அந்த ஊர் கைத்தறிச் சாரத்துக்கும் சாரிக்கும் பேர்பெற்றது. எங்களுக்கு வேண்டியது வேலைப்பாடு எதுவும் இல்லாத, வெளிறிய பால் நிறத் துணி. கைத்தறியில் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றப்படுவதால் புதுத் துணியில் ஊசி முரண்டு பிடிக்கும். முதல் நனைப்பிலேயே துணி சுருங்கவும் செய்யும். எனவே தைப்பதற்கு முன்னரே ஓரிரவு நீரில் ஊறவிட்டு அலசிக் காயவிட்டோம். 100 சென்ரிமீற்றராக இருந்த நீளம் 95 ஆனது. இதைச் செய்யாமல் தைத்திருந்தால் பின்னர் நடந்த நனைப்பில் தையல் முழுவதும் சுருக்கம் கண்டிருக்கும்.

நூலுக்கு, ஆறு இழைகள் கொண்ட 8 மீற்றர் பருத்திக் கட்டுகளை வாங்கினோம். சாம்பலில் நான்கு வகை, நீலச் சாம்பலில் இரண்டு, ஈயத்துக்குக் கறுப்போடு சேர்ந்த ஒன்று. இவை எல்லாம் பெயர் அச்சிட்ட தாள் சுற்றிய, நிறம் ஓடாத வகை. சிவப்பு மட்டும் நாங்கள் தேடிய தொனியில் அந்தக் கடையில் இருக்கவில்லை. தந்தையின் கயிறு செம்மஞ்சள் கலந்த சிவப்பு. கடையில் இருந்ததோ குங்குமச் சிவப்பு. வேறொரு கடையில், தாள் சுற்றாமல் உதிரியாகக் கிடந்த கட்டொன்று அச்சொட்டாகப் பொருந்தியது. வாங்கிவிட்டோம். ஈரமான வெள்ளைத் துணிக்குள் ஒரு முழ நூலை வைத்து அரை மணி நேரம் அழுத்திப் பார்ப்பது எனக்குத் தெரிந்த, நானே வகுப்பில் கற்பிக்கும் சோதனை. அன்று செய்யவில்லை. மற்ற நூல்களைச் சோதிக்கத் தேவைப்படவில்லை என்பதால் இதையும் விட்டுவிட்டேன். இரண்டாவது பிழை இது, முற்றிலும் என்னுடையது.

வடிவத்தைத் துணிக்கு மாற்ற, நீரில் கரைந்து மறையும் நீல மைப் பேனையைப் பயன்படுத்தினோம். அந்த மையின்மேல் சூடு பட்டால் அது துணியில் நிலைத்துவிடும் என்பதால், நனைத்து அகற்றும்வரை இஸ்திரிப் பெட்டி அருகில் வரக் கூடாது என்று சொல்லி வைத்தேன். அந்த எச்சரிக்கை பலித்தது. ஆனால் அந்தப் பேனையைத் தெரிவு செய்த நிமிடமே, வேலை முடிந்தபின் முழுப் படைப்பையும் நீரில் இட வேண்டும் என்பதும் முடிவாகிவிட்டது என்பதை இருவரும் யோசிக்கவில்லை.

வேலை நடந்த முறை

ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் பின்னணி வாவியும் தட்டையான வலைப்பகுதியும் முடிந்தன. இவற்றைப் பற்றி நீட்டி எழுத எதுவும் இல்லை. பழகிய கை, பழகிய தையல். இரவில் சமையல் முடிந்தபின் ஒரு மணி நேரம் என்ற கணக்கில் வேலை நகர்ந்தது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் மரவளையத்தைக் கழற்றிவிடுவார். வளையத்தில் இருத்தி விட்டால் துணியில் வட்டத் தழும்பு விழும். ஊசியையும் துணியில் குத்தி வைக்க மாட்டார். கடற்காற்றில் ஓரிரவிலேயே ஊசி துருவேறி, குத்திய இடத்தில் பழுப்புப் புள்ளி வைப்பதை எழுவான்கரையில் தைப்பவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது கண்டிருப்பார்கள்.

ஒக்டோபரில் முடிச்சு வலை தொடங்கியது. வலை முடிச்சு அவருக்குக் கண்ணால் தெரியுமே தவிரக் கையால் தெரியாது. தந்தை கற்பித்தார். கண்ணின் அளவு மாறாதிருக்க ஒரு தென்னை ஈர்க்கின்மேல் நூலைச் சுற்றி முடிச்சிடச் சொன்னார். இரண்டு மாலைகள் கழித்து என்னிடம் காட்டியபோது கண்கள் ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் இருந்தன. ஈர்க்கு அடியில் தடித்து நுனியில் மெலிவது. வரிசை நுனியை நோக்கி நகர நகரக் கண்ணும் சிறுத்துக்கொண்டே போயிருந்தது. தந்தை அதைப் பார்த்துவிட்டு, "மகள், இது வலையில்ல, சல்லடை" என்றார். பின்னர் பழைய சைக்கிள் சில்லிலிருந்து ஒரு கம்பியைக் கழற்றி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் கொடுத்தார். 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள அந்தக் கம்பி தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே அளவு. அதில் சுற்றி முடிந்த கண்ணின் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வந்தது. 10 சென்ரிமீற்றருக்கு 6 சென்ரிமீற்றர் பகுதிக்கு 650 முடிச்சுகள் வரை தேவை என்று கணக்கிட்டோம்.

கம்பி வந்தபின், வரிசையைத் தொடக்கிக் கொடுக்கவெனத் தந்தையே மேல் மூன்று வரிசைகளையும் முடிந்து கொடுத்தார். மகள் அதிலிருந்து கீழே தொடர்ந்து 200 முடிச்சுகள் வரை போயிருந்தார்.

யாருடைய கை என்ற கேள்வி

அந்தக் கட்டத்தில்தான், 150 சொற்குறிப்பை எழுதுவதற்காக மடித்து வைத்த இரண்டாம் பக்கத்தை விரித்தோம். பிரகடனம் ஒரே வாக்கியம்: இப்படைப்பின் எல்லாப் பகுதிகளும் விண்ணப்பதாரியாகிய என்னால் மாத்திரம் செய்யப்பட்டவை. குழுவாகச் செய்த படைப்புகளுக்குத் தனிப் பிரிவு இருந்தது. அதற்கு மூவர் வேண்டும்.

அவர் சொன்ன முதல் வார்த்தை, மூன்று வரிசையை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்பதுதான். அதை இங்கே மறைக்காமல் எழுத அவரே சம்மதித்திருக்கிறார். தந்தை அந்த வலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கை வேற மகள். பார்த்தாத் தெரியும்" என்றார். அவர் இடக்கைக்காரர். அவருடைய முடிச்சுகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. மகளுடையவை மறுபக்கமாகச் சாய்ந்திருந்தன. மூன்றாம் வரிசைக்கும் நான்காம் வரிசைக்கும் இடையே அந்தத் திருப்பம் கோடுபோல் கிடந்தது. அதுவரை எங்கள் இருவர் கண்ணிலும் அது படவில்லை.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. அமைப்பாளர்களிடம் தொலைபேசியில் கேட்டோம். முதல் நாள் பேசியவர் சிறு உதவி பரவாயில்லை என்றார், மறுநாள் பேசியவர் கூடவே கூடாது என்றார். எழுத்தில் கேட்டால் பதில் வர எத்தனை நாளாகும் என்பதை இருவருமே சொல்லவில்லை. அடுத்தது, தந்தையின் பங்கைக் குறிப்பில் வெளிப்படையாக எழுதி, பிரகடனத்தில் அந்த அளவுக்குத் திருத்தம் செய்து அனுப்புவது. அது நேர்மையானது, ஆனால் நடுவர் எப்படி எடுப்பார் என்பது அவர் கையில். மூன்றாவது, முதலிலிருந்து தொடங்குவது. வலையின் மேல் வரிசையை மட்டும் பிரித்து எடுக்க முடியாது. கீழுள்ளவை எல்லாம் அதில்தான் தொங்குகின்றன.

மூன்றாவது வழியை அவர் தெரிவு செய்தார். இதற்கு அவர் சொன்ன காரணம் விதியைப் பற்றியதல்ல. இரண்டு சாய்வுகளும் ஒன்றாகக் கிடப்பதை இனிப் பார்க்காமல் இருக்க முடியாது என்றார். 13 இரவுகளில் 650 முடிச்சுகளையும் தாமே முடிந்தார். நடுவில் 55 முடிச்சுகள் வரை அந்தச் சிவப்பு நூலால். தந்தையின் மூன்று வரிசைகளையும் ஓர் அட்டையில் சுற்றித் தம் தையற் பெட்டியில் வைத்திருக்கிறார்.

சிவப்பு ஓடியது

நவம்பர் 17ஆம் திகதி தையல் முடிந்தது. அதற்குள் வடகீழ்ப் பருவமழை பிடித்துவிட்டது. வாவி நிரம்பி, வீட்டின் பின்வேலி வரை நீர் ஏறியிருந்தது. நீல மையை அகற்றுவதற்காக, சவர்க்காரம் சேர்க்காத குளிர்ந்த நீரில் படைப்பை இட்டோம். நீலம் நிமிடத்தில் மறைந்தது. வெளியே எடுத்து, வெள்ளைத் துவாயில் ஒற்றி, விறாந்தையில் தட்டையாகக் காயவிட்டோம். வெயில் இருந்தால் இரண்டு மணி நேரத்தில் காய்ந்திருக்கும். அன்று மாலைவரை ஈரம் காயவே இல்லை. ஐந்து மணிக்குப் பார்த்தபோது சிவப்புத் துண்டைச் சுற்றி, உள்ளங்கையில் பாதியளவுக்கு, ரோசா நிற வட்டம் பரவியிருந்தது. நீரில் இருந்த நேரத்தைவிட, மெதுவாகக் காய்ந்த அந்த மணித்தியாலங்களில்தான் சாயம் நூலிலிருந்து துணிக்குள் ஊர்ந்திருக்கிறது.

அவர் முதலில் மின்விசிறியின் முன் காயவைக்கத்தான் ஓடினார். நான் தடுத்து, மறுபடி நீரில் இட்டேன். ஓடிய சாயம் காய்ந்துவிட்டால் அதை எடுப்பது பலமடங்கு கடினம். ஈரமாக இருக்கும்வரை வழி உண்டு. வெளிற்றும் திரவத்தைப் பூசிப் பார்க்கலாம் என்று குழுவில் ஒரு அக்கா சொன்னார். குளோரின் பருத்தி நூலை நலிவிக்கும், சாம்பல் நிறங்களையும் தின்றுவிடும் என்பதால் அதை ஏற்கவில்லை. கறையை மூட அதன்மேல் நெருக்கமாகத் தைக்கலாம் என்பது இன்னொரு யோசனை. வேறொருவர், அப்படியே விட்டு அதை அந்திச் செம்மை என்று குறிப்பில் எழுதச் சொன்னார். இந்த யோசனையில் எல்லோருக்கும் சற்று ஆசை இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாயம் சுரக்கும் நூல் உள்ளே இருக்கும்வரை, அடுத்த ஈரக்காற்றில் அது மறுபடியும் ஓடும்.

ஆகவே ஊற்றை அகற்றுவதென்று முடிவெடுத்தோம். ஈரத்தோடு ஈரமாக, சிறு கத்தரிக்கோலால் சிவப்புக் கண்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார். பின்னர் விடியும்வரை ஏழு தடவை நீர் மாற்றினோம். முதல் மூன்று நீர் ரோசாவாக வந்தது, ஐந்தாவதிலிருந்து தெளிவாக. காலையில் கறை ஏறத்தாழ முழுவதும் போயிருந்தது. சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும் ஒரு மங்கல் எஞ்சியது. அந்த இடத்தில் வாவியின் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக விதைத் தையல் இட்டோம்.

வலையில் இப்போது உண்மையிலேயே ஓர் ஓட்டை. முதல் தடவை சிவப்புப் பகுதியை, வரிசையோடு வரிசையாக நூலை மாற்றி முடிந்திருந்தார். இப்போது நான்கு பக்கமும் முடிந்த கண்களுக்கிடையே புதுக் கண்களை இட்டு நிரப்ப வேண்டும். அது முடிவதல்ல, பொத்துவது. அதற்கு வேறு கணக்கு. வெட்டிய விளிம்பில் எந்தக் கண்ணிலிருந்து தொடங்கினால் இடையில் நூலை அறுக்காமல் போய் முடியலாம் என்று தந்தை ஒரு பழைய வலைத்துண்டில் காட்டிக் கொடுத்தார். மகளின் படைப்பில் அவர் விரல் வைக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபடி, "அதில்ல, அங்கால கண்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இம்முறை சோதித்துப் பார்த்த குங்குமச் சிவப்பு நூல். தொனி பொருந்தவில்லை என்ற குறை அவருக்கு இன்றும் உண்டு. மூன்று இரவுகளில் முடிந்தது. விளிம்பு முடிச்சுகள் சற்றுத் தடித்து, துண்டு இலேசாகப் புடைத்து நின்றது.

சட்டகம்

சாயத்தோடு போராடியதில் எட்டு நாட்கள் போயிருந்தன. எஞ்சியவற்றுள் ஒரு நாள் வெள்ளத்தால் வீதி மூடப்பட்டிருந்தது. சரியான முறை எங்களுக்குத் தெரியும்: துணியை அமிலமற்ற அட்டையின்மேல் இழுத்து, பின்பக்கத்தில் உறுதியான நூலால், முதலில் நீளப் பக்கங்களையும் பிறகு அகலப் பக்கங்களையும், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் குறுக்குமறுக்காகக் கட்டி இறுக்க வேண்டும். கண்ணாடிக்கும் தையலுக்கும் இடையே ஓர் இடைவெளிப் பட்டி வைக்க வேண்டும். இதற்கு ஒரு முழுநாள் அமைதியாக வேண்டும். அது எங்களிடம் இல்லை. நகரில் ஒரு சட்டகக் கடையில் கொடுத்தோம். எப்படிச் செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்காமல், வாயால் சொல்லிவிட்டு வந்தோம்.

மறுநாள் வாங்கியபோது துணியின் விளிம்புகள் ஹாட்போட்டில் பசையால் ஒட்டப்பட்டிருந்தன. இரண்டு மூலைகளில் பசை ஊறி முன்பக்கம் வந்திருந்தது. கண்ணாடி நேராக வலையின்மேல் அமர்ந்து, துணியிலிருந்து எழுந்து நிற்க வேண்டிய முடிச்சுகளை நசுக்கியிருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டோம், விதியில் கண்ணாடி கட்டாயம் என்று இருக்கவில்லை. பசையைப் பிரித்தெடுத்தால் துணி கிழியும் என்பதால் அதைத் தொடவில்லை. அந்தச் சட்டகத்துக்குக் கொடுத்த பணம் துணிக்கும் நூலுக்கும் சேர்த்துச் செலவிட்டதை விடக் கூட.

நவம்பர் 29ஆம் திகதி, இரண்டு தலையணைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, மேலே பொலித்தீன் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய் ஒப்படைத்தோம். அவருடைய குறிப்பேட்டுக் கணக்கின்படி, வெட்டி எறிந்ததையும் சேர்த்து, 212 மணித்தியால வேலை.

முடிவு

பெப்ரவரியில் முடிவு வந்தது. முதல் மூன்று இடங்களில் அவர் இல்லை. பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. நடுவர் குறிப்புத் தாளைக் கேட்டுப் பெற்றோம். அது கேட்பவர்களுக்கு மாத்திரம் கொடுக்கப்படுவது. கேட்டவர்கள் மிகக் குறைவு என்று அங்கிருந்தவர் சொன்னார். வடிவமைப்பிலும் நுட்பத்திலும் புள்ளிகள் உயர்வாக இருந்தன. 'முடிச்சு வலைப்பகுதி சிறப்பு, பின்பக்கத்தின் ஒழுங்கை ஒட்டிய பலகை மறைத்துவிட்டதால் மதிப்பிட முடியவில்லை' என்று ஒரு வரி. நிறைவுக்கான ஐந்திலொரு பங்கில் பாதிக்கும் குறைவாகவே கிடைத்திருந்தது. மூன்றாம் இடத்துக்கும் அவருக்கும் இடையே இருந்த வித்தியாசம், அந்தத் தலைப்பில் இழந்த புள்ளிகளை விடச் சிறியது. ரோசா மங்கலைப் பற்றி எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

இந்தப் பெண்ணின் மிகச் சிறந்த பழக்கம் பின்பக்கத்தைச் சுத்தமாக வைத்திருப்பது. அதைத்தான் நாங்கள் பசை பூசி மூடிக் கொடுத்திருக்கிறோம். குறிப்பை வாசித்தபோது எனக்கு மிகவும் உறுத்தியது இதுவே.

மாற்றிச் செய்யவிருப்பவை

அடுத்த போட்டிக்கு வேலைத்திட்டத்தைப் பின்னிருந்து முன்னாக எழுதியிருக்கிறோம். முடிவுத் திகதிக்கு முந்திய இரண்டு வாரங்கள் சட்டகத்துக்கு மட்டும். அதற்கு முந்திய ஒரு வாரம் நனைப்பதற்கும் காயவைப்பதற்கும். முடிவுத் திகதி மாரியில் விழுந்தால், நனைக்கும் வேலை ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் முடிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நனைக்கவே தேவைப்படாத முறையில் வடிவத்தை மாற்ற வேண்டும். மெல்லிய தாளில் கீறி, தாளோடு சேர்த்து நூலோட்டத் தையல் இட்டு, பின்னர் தாளைக் கிழித்து எடுக்கும் பழைய முறையே இதற்குப் போதும். அது கண்ணுக்குச் சிரமம். ஆனால் நீரும் வேண்டாம், மையும் வேண்டாம்.

நூற்கட்டு எந்தக் கடையிலிருந்து, எந்தத் தாள் சுற்றி வந்தாலும் ஈரத்துணிச் சோதனை செய்யப்படும். முதலில் செய்ய வேண்டியவள் நான் என்பதால், சோதித்த துணித்துண்டுகளைத் திகதியிட்டு என் கொப்பியில் ஒட்டி வருகிறேன். விண்ணப்பப் படிவம் கையொப்பக் கோடுவரை முதல் நாளே வாசிக்கப்படும். விதியில் ஐயம் இருந்தால் தொலைபேசியில் கேட்காமல் கடிதமாகக் கேட்பதென்றும் வைத்திருக்கிறோம்.

எழுந்து நிற்கும் பகுதியைப் பற்றி எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. அதை வேறாக முடிந்து, சட்டகம் தயாரான பின்னர் கடைசியாகப் பிடிக்கலாம் என்பது என் கருத்து; அப்படியானால் நனைப்பு, பசை, கண்ணாடி எதுவும் அதைத் தொடாது. அப்படிப் பிடித்தால் அது துணியில் ஒட்டிய துண்டாகத்தான் தெரியும், வலையாகத் தெரியாது என்கிறார் அவர்.

படைப்பு திரும்பி வந்தபின், விளிம்பில் துணியை வெட்டி ஹாட்போட்டிலிருந்து கழற்றி, எஞ்சியதைப் புதிய அட்டையில் நூலால் கட்டியிருக்கிறார். அளவு ஒவ்வொரு பக்கத்திலும் 2 சென்ரிமீற்றர் குறைந்திருக்கிறது. அது விறாந்தையில், வலை தொங்கும் ஆணிக்கு எதிர்ச்சுவரில் இருக்கிறது. மாட்டிய அன்று தந்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய், வரிசை வரிசையாக விரலால் எண்ணிக்கொண்டே வந்து, சிவப்புத் துண்டின் கீழ் விளிம்பில் ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கே ஒரு முடிச்சு வழுக்கு முடிச்சாக விழுந்திருந்தது. நடுவர்கள் எவரும் அதைக் குறிப்பிட்டிருக்கவில்லை. மகள் ஊசியை எடுத்துக்கொண்டு வந்தார்.